கையசைக்கும் காவலர்

ஜூலை 9

மேல்வீட்டுக்காரருக்கு,

இந்தக் கடிதம் கம்பியில் வருகிற கூடையில், அரிசி மூட்டைக்கு அடியில் இருக்கும். அரிசியைக் கொட்டும்போது சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். வயர்லெஸ்ஸில் இனி நமக்குள் பேச்சு வேண்டாம். ஆபீஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. முட்டிவலி எப்படி என்று நேற்று உங்களைக் கேட்டேன். இன்று காலை ஜீப் டிரைவர் தைல பாட்டிலோடு என் கவுன்ட்டர் முன்னால் வந்து நிற்கிறார். நல்ல மனுஷன்தான். அதற்காக நம் குடும்பக் கதையெல்லாம் அவருக்கு எதற்கு?

பாலம் விஷயமாக மேலாளரைப் போய்ப் பார்த்தேன். புயல் தொங்குபாலத்தை அடித்துக்கொண்டு போனது, பின்பக்கப் பாதை மண்சரிவில் மூடியது, பதினைந்து நாள் டியூட்டிக்கென்று போன மனுஷன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார், எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, நம்ம பார்க்குக்கு மேலிடத்துலேருந்து தனியா காசு வராது. நீங்க கேட்ல டிக்கெட் வித்து வசூல் பண்றதுதான் நமக்கு. பாலம்னாலும் அதுலதான், பாத்ரூம்னாலும் அதுலதான்."

"சரி சார், அதுலயே கட்டுங்க."

"பாலம் இருந்தாதான் அருவிக்குப் போக முடியும். அருவி இல்லைன்னா எவன் டிக்கெட் வாங்குவான்? டிக்கெட் விக்கலைன்னா காசு எங்கேருந்து வரும்?"

"அப்ப பாலம்?"

"காசு வந்தா கட்டிடலாம்."

எனக்குத் தலை சுற்றியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

காலையிலிருந்து கவுன்ட்டரில் ஈ ஓட்டுகிறேன். மகளுக்கு மசக்கை வாந்தி குறைந்துவிட்டது. மார்கழிக்குள் அப்பா வந்துவிடுவார்தானே என்று கேட்கிறாள். வந்துவிடுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்
டிக்கெட்டம்மா

&nbsp;

ஜூலை 13

அன்புள்ள டிக்கெட்டம்மா,

அரிசி, பருப்பு, தைலம், கடிதம் எல்லாம் வந்தது. உப்பைக் காணோம். அடுத்த கூடையில் அனுப்பு.

ஹெலிகாப்டர் கேட்டுப் பார்த்தேன். ஆபத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதை அனுப்புவார்களாம். நான் அசௌகரியத்தில்தான் இருக்கிறேனாம். வயர்லெஸ்ஸில் அப்படித்தான் பதில் வந்தது. கூடையிலேயே ஏறி வந்துவிடட்டுமா என்றேன். அந்தக் கம்பி ஒரு மூட்டைக்கு மேல் தாங்காதாம். நான் எத்தனை மூட்டை என்று உனக்குத் தெரியும்.

இந்தக் குடிசையில் ஓர் அறை. கட்டிலிலிருந்து கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் கதவு. வாசலில் பத்தடி நடந்தால் பள்ளம். பின்னால் நடந்தால் சரிந்த மண். முட்டி நன்றாக இருந்தால் மண்ணைத் தாண்டிப் பார்ப்பேன். இப்போதைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்ப்பதுதான் என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்ப் பாறையில் வந்து நின்றாயே, பார்த்தேன். பைனாகுலர் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலையையே திட்டுகிற மாதிரி நிற்பது உலகத்தில் ஒரே ஆள்தான். சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டினேன். நீ பார்த்தாயா? பக்கத்தில் நின்றிருந்த யாரோ நாலு பேர் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

மகளிடம் சொல். மார்கழிக்குள் வருவேன்.

உன்
மேல்வீட்டுக்காரர்

&nbsp;

ஆகஸ்ட் 20

மேல்வீட்டுக்காரருக்கு,

உப்பு வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு எனக்குத் துண்டை ஆட்டினீர்களே, அந்த நாலு பேரும் தங்களுக்குத்தான் ஆட்டினீர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய்ப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு வரிசை பெரிய கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றது. "அந்த மலையில தனியா ஒருத்தர் இருக்காராமே, துண்டை ஆட்டுவாராமே, எந்தப் பக்கம் போகணும்?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். என் புருஷனைப் பார்க்க நானே டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறேன். நேராகப் போய் இடது பக்கம் என்று வழியும் சொல்கிறேன்.

மேலாளருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் நீங்கள் வெளியே வந்து கையசைக்க வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னாராமே? நீங்களும் சரி என்றீர்களாமே? ஜீப் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

மகள் நன்றாக இருக்கிறாள். உங்கள் படம் வந்த பேப்பரை வெட்டி வைத்திருக்கிறாள். நீங்கள் இளைத்துப்போய் இருக்கிறீர்கள். அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

டி.

&nbsp;

ஆகஸ்ட் 26

அன்புள்ள டிக்கெட்டம்மா,

கோபப்படாமல் கணக்கைக் கேள். நான் கையசைத்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் உன் கவுன்ட்டரில் காசு சேரும். காசு சேர்ந்தால் பாலம் வரும். மேலாளர் உனக்குச் சொன்ன அந்த வட்டத்தை உடைக்க என் ஒரு துண்டு போதும் என்றால் ஆட்டிவிட்டுப் போகிறேனே. சும்மா கிடக்கிற கைதானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்து மணி என்று ஒன்று இருப்பது நல்லதாகத்தான் இருக்கிறது. முகம் மழிக்கிறேன், சட்டையை மாற்றுகிறேன். முன்னெல்லாம் பொழுது விடிவதும் சாய்வதும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது ஒரு சின்னப் பெண் அங்கிருந்து குதித்துக் குதித்துக் கையாட்டினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்குகிறது.

இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள். இந்தக் கூட்டத்துக்கு இரும்புப் பாலமே கட்டலாம்.

உன்
மேல்வீட்டுக்காரர்

&nbsp;

அக்டோபர் 11

மேல்வீட்டுக்காரருக்கு,

காசு சேர்ந்தது. கமிட்டியும் கூடியது. என்ன கட்டினார்கள் என்று தெரியுமா? புதுக் கழிப்பறை. நடைபாதைக்குக் கல். உட்கார பெஞ்சு. உங்களை வசதியாக நின்று பார்க்கக் கம்பி வைத்த மேடை. மேடையில் தொலைநோக்கி.

குறை சொல்ல மனசு வரவில்லை, அதுதான் கொடுமை. கழிப்பறை அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. முன்பு பெண்கள் புதரைத் தேடிக்கொண்டு அலைவார்கள், மறந்திருக்காது. மேடைக்குச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சரிவு போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவரை மகன் தள்ளிக்கொண்டு வந்தார். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டு ஓரத்தில்தான் வீடாம், இப்போதுதான் பள்ளத்தாக்கைப் பார்க்கிறாராம். என் கண்ணெதிரே அழுதார். ஜனங்கள் கொடுக்கிற காசு ஒரு பைசா வீண்போகவில்லை. எல்லாம் நியாயமாகத்தான் நடக்கிறது. நீங்கள் மட்டும் அங்கேயே இருக்கிறீர்கள்.

எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். டிக்கெட்டின் கீழ்ப்பாதியில் இடம் விட்டிருக்கிறதே, வருகிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டுமென்று அதில் எழுதி வாசல் பெட்டியில் போடுகிறார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி பெட்டியைத் திறக்கும். அதிகம் பேர் கேட்டதற்குத்தான் காசு. கழிப்பறை கேட்டார்கள், வந்தது. நிழல் கேட்டிருக்கிறார்கள், வரப்போகிறது. பாலம் வேண்டும் என்று எழுதியது ஒரே ஒரு ஆள். அது நான்தான். என் கவுன்ட்டரில் நானே டிக்கெட் வாங்கி எழுதிப் போட்டேன்.

வருகிறவர்களிடம் சொல்லிப் பார்க்காமல் இருப்பேனா? "அவர் அங்க ஆசைப்பட்டு இல்லீங்க, மாட்டிக்கிட்டு இருக்காரு, என் வீட்டுக்காரர்தான்" என்றேன். அந்த அம்மா சிரிக்கிறார். "போங்க மேடம். எவ்வளவு சந்தோஷமா கை ஆட்டுறாரு! மாட்டிக்கிட்டவர் மாதிரியா இருக்கு?" மேடையில் போர்டு வேறு வைத்துவிட்டார்கள்: தனிமையை விரும்பும் மலைக் காவலர், தினமும் பத்து மணி, நான்கு மணி. நான் சொல்வதை யார் நம்புவார்கள்? உங்கள் கையையல்லவா நம்புகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, கேட்டுவிடுகிறேன். இறங்கி வந்தால் வெறும் காவலர். அங்கேயே இருந்தால் பேப்பரில் படம். உங்களுக்கு அது பழகிப்போய்விட்டதா?

டி.

&nbsp;

அக்டோபர் 17

டிக்கெட்டம்மாவுக்கு,

பழகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி.

ஈரத் துணி காயாமல் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அது பழகிவிட்டது. பேச ஆளில்லாமல் அடுப்போடு பேசுவது பழகிவிட்டது. அடுப்புக்கு உன் பெயரை வைக்கலாமா என்று யோசித்தேன். அதுவும் என்னைப் பார்த்துப் புகைந்துகொண்டேதான் இருக்கிறது.

நான் யாருக்காகக் கையாட்டுகிறேன்? கூட்டத்தில் நீ எங்கேயாவது நிற்கிறாயா என்று பார்த்துக்கொண்டே ஆட்டுகிறேன். ஆட்டுகிற நேரம் முழுக்கப் பார்க்கிறேன். அவ்வளவுதான். இதைக்கூட எழுதிக் காட்ட வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோம். நீ கவுன்ட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறாய். ரோட்டில் நடக்கிறாய். கடைக்குப் போகிறாய். இங்கிருந்து எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

இனி உப்பு மட்டும் அனுப்பு.

&nbsp;

நவம்பர் 14

அன்புள்ள டிக்கெட்டம்மா,

அரிசி வந்தது. பருப்பு வந்தது. உப்பு, நான் கேட்டபடியே, மூன்று பொட்டலம் வந்தது. கடிதம் வரவில்லை. மூட்டையை உதறிப் பார்த்தேன். பருப்பைக் கொட்டிப் பார்த்தேன்.

நான் எழுதியது தப்பு. கையாட்டுவதற்கு வெளியே வருகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் சுவர்தான். சுவரோடு கோபித்துக்கொள்ள முடியாமல் உன்னோடு கோபித்துக்கொண்டேன்.

மழை விடுகிறது. மகளுக்கு நாள் நெருங்குகிறதே, ஒரு வரி எழுது. ஆபீஸ் வயர்லெஸ்ஸில் கேட்டால் மூன்றாம் மனுஷன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது எனக்கு வேண்டாம்.

உன்
மேல்வீட்டுக்காரர்

&nbsp;

டிசம்பர் 2

என்னங்க,

நீங்கள் தாத்தா. பெண் குழந்தை. மகளும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். யார் ஜாடை என்று இப்போது சொல்ல முடியாது. குரல் மட்டும் என்னுடையது என்று மாப்பிள்ளை சொல்கிறார். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று புரிந்தது, விட்டுவிட்டேன்.

உப்பு அனுப்பியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நீங்கள்தானே கேட்டீர்கள். ஆனால் அந்த ஒரு மாதமும் ராத்திரிச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். கமிட்டி இந்த மாதக் கடைசியில் பெட்டியைத் திறக்கும். அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கூட்டம், பள்ளிக்கூட விடுமுறை. அன்றைக்கு மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருகிறாளாம், அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம். பச்சை உடம்போடு வராதே என்றேன். கேட்கவில்லை, பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதா? பத்து மணிக்கு வருவோம்.

நீங்கள் கையசைக்கக் கூடாது.

துண்டை உள்ளே வையுங்கள். வாசலுக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். திரும்பவே கூடாது. திரும்பினால் குழந்தையைப் பார்ப்பீர்கள். பார்த்தால் கை தானாக எழும்பும். உங்கள் கையை எனக்குத் தெரியும். அது எழும்பினால் ஜனங்கள் சிரித்துக் கைதட்டிவிட்டு நிழலுக்குக் கூரை வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். சந்தோஷமாக இருக்கிற மனுஷனுக்கு யாரும் பாலம் கேட்க மாட்டார்கள். இத்தனை மாதத்தில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

வேறு வழி தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

டி.

&nbsp;

டிசம்பர் 5

டிக்கெட்டம்மா,

தாத்தா என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு மற்றதைப் படித்தேன்.

நீ கேட்பது என்னவென்று உனக்குத் தெரிந்துதான் கேட்கிறாய். கட்டிலில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க வேறு வழி யோசித்தேன். யோசிக்க இங்கே வேறு வேலையும் இல்லை. கிடைக்கவில்லை.

சரி. முதுகைக் காட்டுகிறேன்.

குழந்தைக்குக் காற்று படாமல் போர்த்திக் கொண்டு வா. மேடையில் காற்று பலமாக இருக்கும். அங்கே உன் புடவைத் தலைப்பு எப்படிப் பறக்கும் என்று தினமும் வேறு பெண்களிடம் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

&nbsp;

டிசம்பர் 30

என்னங்க,

கமிட்டி பெட்டியைத் திறந்தது. மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜை முழுக்கத் துண்டுச் சீட்டு. பெட்டி நிரம்பி, மேலே ஒரு பையைக் கட்டித் தொங்கவிட வேண்டியிருந்ததாம். "படிங்கம்மா" என்றார். பாலம் கட்டுங்கள். அவரைக் கொண்டுவாருங்கள். அவர் அழுகிறார். அந்த ஆளுக்கு வீடு இல்லையா? என் டிக்கெட் காசை வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். ஒரு குழந்தை எழுதத் தெரியாமல் பாலம் வரைந்து போட்டிருந்தது. கூரை கேட்டு எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பாலம் என்று எழுதிய சீட்டும் இருந்தது.

பாலத்துக்குக் காசு ஒதுக்கிவிட்டார்கள். இரும்புக் கம்பியோடு வண்டி கிளம்பிவிட்டதாம். போர்டையும் எடுத்துவிட்டார்கள். இது நல்ல சேதி. முதலில் இதை எழுதிவிட்டேன்.

இனி அன்றைக்கு நடந்தது. பத்து மணிக்கு மேடையில் நிற்க இடமில்லை. நீங்கள் வந்தீர்கள். எங்களைப் பார்க்காமல் போய், குடிசைச் சுவரைப் பார்த்தபடி அந்த மரக்கட்டை மேல் உட்கார்ந்தீர்கள். முதலில் ஜனங்கள் சிரித்தார்கள், விளையாடுகிறார் என்று. விசில் அடித்தார்கள். அப்புறம் மெதுவாகச் சத்தம் அடங்கியது. மகள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். தூக்கிப் பிடித்தேன். "அப்பா, திரும்புங்கப்பா!" என்று கத்தினாள். நம் ஏற்பாட்டை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் குனிந்தீர்கள். தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்குச் சொன்னது நிஜமா?" என்று கேட்டார். முன்பு ‘போங்க மேடம்’ என்று சிரித்துவிட்டுப் போனவர்தான்.

நான் கேட்டேன், நீங்கள் செய்தீர்கள். ஆனாலும் ஆறவில்லை. குழந்தையைத் தூக்கிப் பிடித்த என் கை வலித்தது. ஒரே ஒரு தடவை திரும்பிவிட்டால் தேவலை, பாலம் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன். நீங்கள் திரும்பவில்லை. மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்பாவுக்குப் பேத்தியைப் பார்க்கக்கூட இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். "பார்க்கலைதானே?" என்கிறாள். 

டி.

&nbsp;

ஜனவரி 3

அன்புள்ள டிக்கெட்டம்மா,

மகளிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

நான் முகம் மழிக்கிற கண்ணாடி இருக்கிறதே, நீ வாங்கிக் கொடுத்தது, அதை முந்தின நாளே குடிசைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்தேன். சாய்வைச் சரிபார்க்கவே பாதி நாள் ஆயிற்று. முதலில் வானம் தெரிந்தது, அப்புறம் என் காது. கடைசியில் மேடை விழுந்தது. அதற்கு நேராக மரக்கட்டையை இழுத்துப் போட்டேன். முழங்கையை இரண்டு முட்டியிலும் ஊன்றிக்கொண்டு பைனாகுலரால் கண்ணாடியைப் பார்த்தேன். நான் குனிந்ததாக எழுதியிருக்கிறாயே, அது அதற்குத்தான்.

கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்தது. குழந்தையின் தலை உன் வலது கையில் இருந்த மாதிரி தெரிந்தது, அப்படியானால் இடது கைதான். மஞ்சள் துணி. மூக்கும் முழியும் அவ்வளவு தூரத்தில் தெரியாது, தெரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் துணியை உதைத்து ஒரு காலை வெளியே நீட்டினாள். நீ அதைப் பிடித்து உள்ளே வைத்தாய். திரும்ப உதைத்தாள். நீ திரும்ப உள்ளே வைத்தாய். மூன்றாம் தடவை நீ தோற்றுப்போனாய். என் தோள் குலுங்கியது அப்போதுதான். சிரிப்பில் ஆரம்பித்தது. எதில் முடிந்தது என்று சீட்டில் எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நல்லவேளை, பைனாகுலருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு கை சும்மா இருந்திருந்தால் உன் பாலம் போயிருக்கும்.

நேற்று மேலாளர் வயர்லெஸ்ஸில் வந்தார். கம்பி வந்தாயிற்று, கூலிக்குக் கொஞ்சம் குறைகிறது, பாலம் முடிகிறவரை பத்து மணிக்கும் நாலு மணிக்கும் பழையபடி முகம் காட்டினால் வசூல் நன்றாக இருக்குமே என்றார். கை சுளுக்கிவிட்டது என்றேன். முதுகு நன்றாகத்தானே இருக்கிறது, அதையாவது காட்டுங்கள் என்கிறார். அந்த மனுஷன் திருந்த மாட்டார். காட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியும் அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் வருகிற நாளை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு.

மழைக்கு முன்னால் முடிப்பார்களாம். அதுவரை இந்தச் சுவரும் நானும்தான். பாலம் முடிகிற அன்றைக்கு அந்தக் கோடியில் கூட்டம் நிற்கும், கையசைக்கச் சொல்லிக் கத்துவார்கள். முடியாது என்று இப்போதே சொல்லி வை. நீ குழந்தையோடு முன்னால் வந்து நில். எனக்கு இரண்டு கையும் அவளை வாங்க வேண்டும்.

உன்
மேல்வீட்டுக்காரர்